முதல் பெயரும் நாற்பதாவது பெயரும்

ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசை முறையில் எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். 2015-இல் கார்ல்டன் எடுத்த ஜேக்கப் வைட்டரிங் அந்த ஆண்டின் முதல் தேர்வு. 2016-இல் ஜீலாங் எடுத்த டாம் ஸ்டூவர்ட் நாற்பதாவது. இருவரும் தடுப்பாட்டக்காரர்கள். இவர்களில் யாருடைய தொடக்கம் சிறந்தது?

வைட்டரிங் 18 வயதில், 2016-இன் முதல் சுற்றிலேயே களமிறங்கினார். ஆனால் போய்ச் சேர்ந்த இடம் அப்படி! 2018-இல் கார்ல்டன் ஆடிய 22 ஆட்டங்களில் வென்றது இரண்டுதான். நடுக்களம் தோற்றால் பந்து திரும்பத் திரும்பப் பின்களத்துக்கே வரும். அடி முழுக்க அந்தப் பையன் தலையில். அணியின் சிறந்த ஆட்டக்காரர் விருது 2020-இல்தான் கிடைத்தது.

ஸ்டூவர்ட் கதையே வேறு. ஜீலாங் ஊர் லீக்கில் சவுத் பார்வன் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். 2017-இல் முதல் ஆட்டம் ஆடும்போது வயது 24. உடம்பும் ஆட்ட அறிவும் ஏற்கெனவே முதிர்ந்திருந்தன, அணியும் வலுவானது. அடுத்த ஆண்டே, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்து அறிவிக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம்.

தொடக்கத்தை மட்டும் பார்த்தால் என் ஓட்டு ஸ்டூவர்ட்டுக்கு. ஆனால், தோற்கும் அணியில் பதின்ம வயதில் தாக்குப்பிடித்ததும் லேசுப்பட்ட காரியமா என்ன?