485 டாலரும் ஒரு கட்டைவிரலும்: பழைய ஜெட்ஃபயர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பொம்மை விற்ற கடையின் கடைசிப் பதில் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று போட்டிருக்கிறார்கள். என் 485 டாலர் தீர்ந்தது, அது மட்டும் உண்மை.

கோபத்தில் எழுதுகிறேன், அங்கங்கே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விமானமாக மாறும் பழைய ரோபோ பொம்மையை, "நிபுணர் மதிப்பீடு செய்தது" என்ற வார்த்தையை நம்பி வாங்கப் போகிறவர்களுக்காக இந்தப் பதிவு. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பொருள் இதுதான்: 1985இல் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்க நிறுவனம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற உருமாறும் ரோபோ வரிசையில் விற்ற ஜெட்ஃபயர். வெள்ளை உடல், சிவப்புக் கவசம். இதை ஹாஸ்ப்ரோ உருவாக்கவில்லை. மேக்ராஸ் என்ற 1982ஆம் ஆண்டு ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடருக்காக டகடோகு என்ற நிறுவனம் 1/55 அளவில் செய்த வால்கிரி என்ற விமான ரோபோ இது. எஃப்-14 போர் விமானத்தைப் பார்த்து வரைந்ததால் இறக்கைகள் அதே மாதிரி பின்னால் மடங்கும், முன்னால் விரியும். விமானம், பாதி விமானம் பாதி ரோபோ, முழு ரோபோ என்று மூன்று நிலை. 1984இல் டகடோகு திவாலாகி, அச்சுகள் பண்டாய் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தின் கைக்குப் போயின. அந்த அச்சுகளில் வந்த பொம்மையைத்தான் ஹாஸ்ப்ரோ விற்றது. ஜப்பானில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் விற்றது டகாரா. பண்டாய் அதன் போட்டி நிறுவனம். அதனால் அங்கே இந்தப் பொம்மை டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் வரவே இல்லை. கார்ட்டூனிலும் உருவத்தை மாற்றி, ஸ்கைஃபயர் என்று பெயரையும் மாற்றிவிட்டார்கள். சிறு வயதில் கார்ட்டூனைப் பார்த்துவிட்டுப் பொம்மையைப் பார்த்தவர்கள் குழம்பியதற்குக் காரணம் இதுதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் பணம் போனதே இந்த வரலாற்றில்தான். முதலில் வந்த ஜெட்ஃபயர்களில் மேக்ராஸ் தொடரின், காற்றில் விடும் பட்டம் போன்ற சின்னம் இருக்கும். பிறகு வந்தவற்றில் ஆட்டோபாட் முகம், அதாவது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையின் நல்ல ரோபோக்களின் சின்னம். சேகரிப்பவர்கள் முதலாவதைத் தேடுவார்கள். நானும் அதைத்தான் தேடினேன்.

கடையின் பெயர் வேண்டாம். பழைய பொம்மைகளைப் பிறரிடமிருந்து வாங்கி, தங்கள் ஆளையே வைத்து "மதிப்பிட்டு", சான்றிதழோடு விற்கும் இணையக் கடை. பொம்மைக்கு 445, மதிப்பீட்டுக்கு 40. மொத்தம் 485 டாலர். விற்கிறவனே மதிப்பிடுகிறான், அதற்கு நானே கட்டணமும் கொடுக்கிறேன். இப்போது எழுதும்போது எவ்வளவு கேவலமாகத் தெரிகிறது! அன்று தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம் அந்த வீடியோ. பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டிருந்தேன்: மஞ்சளித்திருக்கிறதா, எங்காவது உடைந்து ஒட்டியிருக்கிறதா, எல்லாம் அசல் பாகமா. மறுநாளே நான்கு நிமிட வீடியோ அனுப்பினார்கள். பருத்திக் கையுறை போட்ட இரண்டு கைகள். அவசரமே இல்லை. இறக்கையை விரிக்கிறார், கிளிக் என்று சத்தம் கேட்கிறது. கால்களை முன்னால் இழுத்துப் பாதி ரோபோவாக நிறுத்துகிறார். துப்பாக்கியை எடுத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறார். "நாற்பது வருடப் பொம்மையில் இப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததே இல்லை" என்கிறார். அந்தக் குரலில் ஒரு பக்தியே இருந்தது, ஐயா. பொம்மையை அப்படிப் பிடிக்கிற மனிதன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். வீடியோ முடிவதற்குள் பணம் கட்டிவிட்டேன்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் முழு உண்மை என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் புரிந்தது.

பெட்டி வந்தது. உள்ளே பழைய தெர்மாகோல் தட்டு, கொஞ்சம் நொறுங்கியிருந்தது, பரவாயில்லை. அட்டையில் ரோபோ பாயிண்ட்ஸ் பகுதியை (சேர்த்து அனுப்பினால் வேறு பொம்மை வாங்க உதவும் புள்ளிகள்) கத்தரித்து எடுத்திருந்தார்கள். அதுவும் பரவாயில்லை, யாரோ ஒரு சிறுவன் அன்று தபாலில் அனுப்ப வெட்டியிருப்பான், அது நேர்மையான காயம். அட்டையில் மறைத்து அச்சிட்ட பொம்மையின் திறன் அளவுகளை மேலே வைத்துப் படிக்கத் தரும் சின்னச் சிவப்பு பிளாஸ்டிக் தகடுகூட இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஜன்னல் பக்கம் எடுத்துப் போகும் வரை.

வெயிலில் பார்த்தால் இறக்கை முழுக்கக் கோடு கோடாக இருக்கிறது. சோப்பு போட்டுச் சரியாக அலசாமல் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாதிரி. இது என்ன என்று பழைய பொம்மை சேகரிப்பவர்களுக்கு உடனே தெரியும். பழைய வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகும்; அதை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைத்தால் மறுபடி வெளுக்கும். முடிக்குப் போடும் ப்ளீச் க்ரீமையே தடவுகிறவர்கள் உண்டு. சமமாகத் தடவாவிட்டால் இப்படித்தான் கோடு விழும். வெளுத்த பிறகும் மஞ்சள் திரும்ப வரலாம். வெளுத்து விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. வெளுத்தேன் என்று சொல்லிவிட்டு விற்க வேண்டும். வீடியோவில் மேலே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அதற்குக் கீழே எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளைதான்.

அப்புறம் இறக்கையில் இருந்த அந்தப் பட்டச் சின்னம். உருப்பெருக்கியில் பார்த்தேன். ஓரமெல்லாம் நுணுக்கமான வண்ணப் புள்ளிகள், வீட்டு இன்க்ஜெட் பிரின்டரில் வருவது போல. 1985இல் எந்தத் தொழிற்சாலையும் இப்படி ஸ்டிக்கர் அடிக்கவில்லை. நகத்தால் மெதுவாக ஒரு முனையைத் தூக்கினேன். கீழே பழைய பசையின் தடம், அதில் ஆட்டோபாட் முகத்தின் தாடைப் பகுதி நிழல் மாதிரி தெளிவாகத் தெரிகிறது. பின்னால் வந்த சாதாரணப் பொம்மையில் சின்னத்தைப் பிய்த்துவிட்டு, விலை கூடிய சின்னத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

சிவப்புத் தலைக்கவசம் மற்றக் கவசங்களின் சிவப்போடு சேரவே இல்லை, ஒரு பங்கு ஆரஞ்சு கலந்த சிவப்பு. துப்பாக்கி கையில் எடுத்தால் இறகு மாதிரி இருக்கிறது. இரண்டுமே பின்னால் யாரோ செய்த நகல் என்று என் கணிப்பு. இந்தப் பொம்மைக்குக் கவசம், பூஸ்டர், துப்பாக்கி எல்லாம் கழற்றி மாட்டுவதுதான். எல்லாம் அசலாக இருந்தால்தான் விலை. சான்றிதழில் "முழுமை, அசல், 100க்கு 85" என்று இருக்கிறது. அந்தச் சிவப்புத் தகட்டைச் சான்றிதழ் மேல் வைத்தும் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

இனிதான் வயிறு எரிகிற விஷயம். ரோபோவாக மாற்றலாம் என்று முதுகுப் பகுதியை மடக்கினேன். வலுவாகக்கூட இல்லை. பட்டென்று கீல் கையோடு வந்துவிட்டது. உடைந்த இடத்தில் கண்ணாடி மாதிரி காய்ந்த பசை மணிமணியாக இருக்கிறது. ஏற்கெனவே உடைந்து ஒட்டியது.

வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நான்கு நிமிடமும், நான்கு நிமிடமும், அந்தக் கையுறைக் கட்டைவிரல் அதே கீலின் மேல் இருக்கிறது. இறக்கையை விரிக்கும்போதும் அங்கே. கால்களை இழுக்கும்போதும் அங்கே. பொம்மையைத் திருப்பும்போதும் விரல் கூடவே திரும்புகிறது. முழு ரோபோவாக ஒரு தடவைகூட மாற்றிக் காட்டவில்லை. நான் அந்தக் கையைப் பார்த்துத்தான் 485 டாலர் கட்டினேன்.

படம் எடுத்து அனுப்பினேன். 48 மணி நேரத்தில் பதில் வரும் என்றார்கள். ஐந்தாம் நாள் வந்தது: "எங்கள் கொள்கைப்படி பொருள் வந்த மூன்று நாளுக்குள் புகார் அளிக்க வேண்டும்." நான் அளித்தது முதல் நாளே! அதைச் சொன்னதும் ஆள் மாறினார். புதியவர், "பொம்மையை மாற்றியதால் ஏற்பட்ட சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார். மாறுவதுதானே அந்தப் பொம்மையின் வேலை? மாற்றாமல் வைத்திருக்க நான் ஒரு பிளாஸ்டிக் விமானம் வாங்கியிருப்பேனே. காய்ந்த பசையின் படத்தைக் கேட்டார்கள், அனுப்பினேன். மறுபடி கேட்டார்கள், மறுபடி அனுப்பினேன். மூன்றாமவர் ரொம்ப மரியாதையாக எழுதினார்: மதிப்பீடு என்பது ஒரு கருத்து மட்டுமே, உத்தரவாதம் அல்ல, மதிப்பீட்டுக் கட்டணம் திரும்பத் தரப்படாது. ஒரு கருத்துக்கா 40 டாலர்? என் கருத்தை இலவசமாகவே சொல்லியிருப்பேன் அவர்களுக்கு. கடைசியில் நல்லெண்ண அடிப்படையில் 15 டாலர் கூப்பன் தருகிறார்களாம், அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளலாமாம். 485 போன இடத்தில் 15. அதுவும் அவர்களிடமே வாங்கினால்.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன். பொறுமை இல்லை, முடிந்தவரை சொல்கிறேன். வெயில் வெளிச்சத்தில் படம் கேளுங்கள், விளக்கில் வேண்டாம். மூன்று நிலைக்கும் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள், மாற்றும்போது கீல்களை நெருக்கமாகக் காட்டச் சொல்லுங்கள். கவசத்தைக் கழற்றிவிட்டுக் காட்டட்டும். அரிய சின்னம் இருக்கிறது என்று விலை கூட்டிச் சொன்னால் அந்த ஸ்டிக்கரின் ஓரத்தைப் பெரிதாக்கிக் கேளுங்கள். விற்கிறவனே செய்யும் மதிப்பீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள், நான் எடுக்கவில்லை. பணம் கட்டின கார்டு நிறுவனத்திடம் உடனே தகராறு பதிவு செய்யுங்கள், கடைக்காரன் பதிலுக்காக என்னைப் போல ஒன்பது நாள் காத்திருக்காதீர்கள்.

இன்னும் இருக்கிறது. ஆனால் கார்டு நிறுவனத்தின் அரட்டைப் பெட்டி இப்போதுதான் திறந்தது. வரிசையில் பதினான்காவது ஆளாக நிற்கிறேன்.