கர்ப்பப்பைக் கட்டியைக் கரைக்கிறோம்னு 38,500 ரூபாயைக் கறந்துட்டாங்க. பார்த்து இருங்க!

"ஆபரேஷன் இல்லாமல் ஆறே மாதத்தில் கட்டி கரையும்." போனைத் திறந்தாலே வந்து விழுகிற இந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகை ஹோமியோபதி கிளினிக் ஒன்றில் 38,500 ரூபாயைக் கட்டிய எங்கள் அண்ணி, இப்போது ஹீமோகுளோபின் 7.1-க்கு இறங்கி அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். பல ஊரில் கிளை, ஏசி ரிசப்ஷன் எல்லாம் உள்ள இடம்தான். புகார் போயிருப்பதால் பெயர் போடவில்லை.

வயது 43. ஸ்கேனில் ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைத் தசையில் வளரும் கட்டி, 4.8 × 4.2 × 4.0 செ.மீ., கர்ப்பப்பையின் உள்ளறையை அழுத்திக்கொண்டு. மாதவிலக்கு ஒரு வாரத்தைத் தாண்டும், ரத்தம் கட்டி கட்டியாகப் படும். அப்போது ஹீமோகுளோபின் 10.4. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் பயம். அந்தப் பயத்தின்மேல்தான் கடை விரித்தார்கள்.

எந்த இடத்தில் நம்பினார் தெரியுமா? மருந்தில் இல்லை, கேள்வியில். தாகம் எப்படி, வெயில் ஒத்துக்குமா குளிர் ஒத்துக்குமா, எந்தப் பக்கம் படுப்பீங்க, என்ன கனவு வருது, யார் மேலயாவது கோபத்தை அடக்கி வெச்சிருக்கீங்களாம்மா என்று முக்கால் மணி நேரம். ஹோமியோபதியில் இப்படிக் கேட்பது முறைதான், அதில் மோசடி ஒன்றும் இல்லை. ஆனால் ஓ.பி.யில் மூன்று நிமிடத்தில் எழுந்து வந்த பெண்ணிடம் ஒருவர் உட்கார்ந்து கனவைக் கேட்டால் கரையத்தான் செய்வார். கரைந்த சூட்டோடு 32,000 ரூபாய் பேக்கேஜ், மறுநாள் "வெளிநாட்டுத் தாய்த் திரவம்" (மதர் டிங்சர், நீர்க்காத மூல மருந்து) என்று 6,500. ஆக 38,500.

வந்தது என்ன? நாலு குப்பி வெள்ளை உருண்டை. மேலே பேனாவில் "F-3, காலை இரவு 4". மருந்தின் பெயர் இல்லை, வீரியம் இல்லை, தயாரித்தவர் இல்லை, பேட்ச் எண் இல்லை. கடையில் செபியா, சபைனா மாதிரி ஹோமியோபதி மருந்தை 30 வீரியத்தில் 30 மி.லி. பாட்டில் வாங்கினால் சில நூறு ரூபாய்தான். ஒரு குப்பி உருண்டையை நனைக்க அதில் சில சொட்டு போதும். 30 வீரியம் என்றால் நூறில் ஒரு பங்கு என்ற விகிதத்தில் முப்பது முறை நீர்த்தது. 12-வது முறையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பு அரிது. தாய்த் திரவம் வேறு கதை, அதில் செடிச்சாறும் ஆல்கஹாலும் நிஜமாகவே இருக்கும். எந்தச் செடி என்று கேட்டதற்கு "அது கம்பெனி ரகசியம் மேடம்".

ரத்தம் கூடியபோது: "நல்ல அறிகுறி மேடம், நோய் வெளியே வருது." அடுத்த மாதம்: "காபி குடிச்சீங்களா? கற்பூரம் ஏத்தினீங்களா? அதான் மருந்து முறிஞ்சிடுச்சு." அதற்கு அடுத்து அந்த டாக்டரே இல்லை, புது ஆள், முதலில் இருந்து கனவு, தாகம். பணத்தைக் கேட்டால் "பேக்கேஜ் ஓப்பன் பண்ணியாச்சு, ரீஃபண்ட் கிடையாது." 38,500 ரூபாய்க்கு ஒழுங்கான ரசீதுகூட இல்லை, வாட்ஸப்பில் ஒரு படம்.

உச்சம் இதுதான். ஆறாம் மாதம் ஸ்கேன்: 4.5 × 4.4 × 4.3. "4.8 இப்போ 4.5 ஆயிடுச்சு பாருங்க, கரையுது. இன்னொரு பேக்கேஜ் போட்டுடலாம்." அயோக்கியத்தனம்! மூன்று அளவையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கிப் பாருங்கள், கட்டியின் கன அளவு வரும். முதலில் சுமார் 42 மி.லி., இப்போது 44. குறையவே இல்லை. ஆள் மாறி, மெஷின் மாறி, ஸ்கேன் கருவியின் முனையைப் பிடித்த கோணம் மாறினாலே இந்த வித்தியாசம் வரும். அதோடு, ரத்தப்போக்கைத் தீர்மானிப்பது அளவைவிட இடம். உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் 2 செ.மீ. கட்டி ஆளையே வெளிறடிக்கும். வெளிப்பக்கம் தொங்கும் பெரிய கட்டி சத்தமில்லாமல் கிடக்கும். இவர்கள் ஹீமோகுளோபினை ஒரு தடவைகூடப் பார்க்கச் சொல்லவில்லை.

"சூலகத்தில் இருந்த நீர்க்கட்டி கரைந்தது" என்று வீடியோவில் சொல்கிறவர்கள் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மாதச் சுழற்சியில் உருவாகும் சாதாரண நீர்க்கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாக வற்றிவிடும். ஃபைப்ராய்டும் மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானாகச் சுருங்கும். 48 வயதுப் பெண்ணுக்கு இரண்டு வருட பேக்கேஜ் விற்றால் பெயர் யாருக்கு? உருண்டைக்கு.

மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்யும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்து, மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். பட்டியலில் கர்ப்பப்பை நோய்களும் இருக்கின்றன. யார் பயப்படுகிறார்கள்?

அவசரமாகச் சில:

லேபிள் இல்லாத குப்பியை வாங்காதீர்கள். மருந்துச் சீட்டில் மருந்துப் பெயர், வீரியம், டாக்டரின் பதிவு எண் எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தமாகப் பணம் கட்டவே கட்டாதீர்கள்.

எதைச் சாப்பிட்டாலும் மாதம் ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள். மணிக்கு ஒரு பேடு நனைந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

ஆபரேஷன் என்றாலே கர்ப்பப்பையை எடுப்பதில்லை. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சமிக் ஆசிட் மாத்திரை, காப்பர்-டி மாதிரி உள்ளே வைக்கிற ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுப்பது என்று நடுவில் பல படி உண்டு. கேளுங்கள்.

ஏமாந்தவர்கள் 1915-க்குப் போன் பண்ணுங்கள், நுகர்வோர் உதவி எண். கட்டிய பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கட்டணமும் இல்லை. பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், குப்பியின் போட்டோ, கால் ரெக்கார்டிங் எதையும் அழிக்காதீர்கள்.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனவர்களுக்கு ஒரு துளி ரத்தம் பட்டாலும் இந்த மாதிரி கிளினிக் பக்கமே போக வேண்டாம், நேராக மகப்பேறு மருத்துவரிடம் போய் கர்ப்பப்பை உட்சவ்வின் தடிமனை ஸ்கேனில் பாருங்கள். அது 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய பயாப்சி (துளி சதை எடுத்துச் சோதிப்பது) எடுப்பார்கள், தள்ளிப்போடாதீர்கள்.