150 ரூபாய்ப் புத்தகமும் மணவாளக்குறிச்சி மணலும்

போன மாதம் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கன்வென்ஷன் பந்தல் வாசலில் புத்தகக் கடை போட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் ஆசைப்பட்டுக் கேட்டதால் 150 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். அட்டையில் நோவாவின் பேழை, அதன் பக்கத்திலேயே ஒரு டைனோசர். பெயரை இங்கே எழுதவில்லை. வாங்கியவர்களுக்கு அட்டையைச் சொன்னாலே தெரியும்.

நான் களியக்காவிளை பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியிலும் பாடம் நடத்துகிறேன். வானத்தையும் பூமியையும் தேவன் சிருஷ்டித்தார் என்று முழு மனதோடு நம்புகிறவள். அதனால்தான் இந்தப் புத்தகம் என்னை இவ்வளவு வருத்தியது.

தாள் நல்ல கனம், படங்கள் அருமை, தமிழும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. குறை உள்ளே இருக்கிறது. பூமிக்கு 6,000 வயது என்று வேதமே சொல்வது போல எழுதியிருக்கிறார்கள். அது வசனம் இல்லை. 1650-ல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வேதத்தில் உள்ள வம்ச வரலாறுகளை வைத்துக் கணக்குப் போட்டு, படைப்பு நடந்தது கி.மு. 4004-ல் என்றார். அந்த மனிதரின் பெயர்கூடப் புத்தகத்தில் இல்லை.

நான்காம் அதிகாரம்தான் மோசம். பழைய எலும்பு, மரம் போன்றவற்றின் வயதைக் கணக்கிடும் கார்பன் முறையால் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க முடியாது, அப்படியிருக்க டைனோசருக்கு எப்படிக் கோடிக்கணக்கில் வயது சொல்கிறார்கள் என்று கேட்கிறார்கள். முதல் பாதி சரி. அந்த முறையில் அளக்கும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் சிதைந்து பாதியாகக் குறைய 5,730 ஆண்டு, 50,000 தாண்டினால் அளக்கிற அளவுக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் டைனோசர் காலத்துப் பாறைக்கு யாரும் கார்பன் வைத்து வயது பார்ப்பதில்லை. யுரேனியம், பொட்டாசியம், தோரியம் என்று மெதுவாகச் சிதையும் தனிமங்கள் அதற்கு இருக்கின்றன. யுரேனியம் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்துதான் 1956-ல் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று கண்டார். இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

படித்து முடித்த அன்று ராத்திரி மகன் கேட்டான்: "ம்மா, ஸ்கூல்ல படிக்கது பொய்யா, இல்ல பைபிள் பொய்யா?"

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளையை இப்படி ஒரு முச்சந்தியில் கொண்டு நிறுத்த வேண்டுமா?

அடுத்த சனிக்கிழமை மணவாளக்குறிச்சி கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பினோம். கறுப்பு இல்மனைட், சிவப்பாகக் கார்னெட், நடுவில் அங்கங்கே மங்கிய மஞ்சளில் மோனசைட் என்று கனிமங்கள். 1909-ல் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் இந்தக் கரையோர மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதற்குள் இருக்கும் தோரியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது, பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டு. மிச்சம் எவ்வளவு தோரியம், சேர்ந்தது எவ்வளவு ஈயம் என்று அளந்தால் வயது வந்துவிடும். தென்கேரளப் பாறைகளில் உள்ள மோனசைட்டை அப்படி அளந்ததில் 50 கோடி ஆண்டுக்கு மேல் வந்திருக்கிறது. மகன் ரொம்ப நேரம் அந்த மஞ்சள் மணிகளை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தான். அப்புறம், "இதுவும் கர்த்தர் உண்டாக்கினதுதானே ம்மா" என்றான். ஆமாம் என்றேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டி. ரெக்ஸ் என்ற டைனோசரின் எலும்பில் மென்திசு (எலும்பைப் போலக் கடினமில்லாத சதைப் பகுதி) கிடைத்தது, ஆகவே எலும்பு புதுசு என்கிறது ஏழாம் அதிகாரம். 2005-ல் அதை வெளியிட்ட தொல்லுயிர் ஆய்வாளர் மேரி ஷ்வைட்சர் ஒரு விசுவாசி. அந்த எலும்பு ஆறரைக் கோடி ஆண்டுக்கு மேல் பழையது என்பதை ஏற்கிறவர். அவருடைய கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு அவர் சொன்ன வயதை விட்டுவிடுவது நேர்மையா?

ஐந்துக்கு ஒன்றரை கொடுக்கிறேன், படங்களுக்கும் தமிழுக்கும். பிள்ளைகள் கையில் இதைத் தனியாகக் கொடுக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். எங்கள் ஓய்வுநாள் பள்ளி அலமாரிக்கும் இரண்டு பிரதி வந்திருக்கிறது. போதகரிடம் சொல்லிவிட்டு, நான்காம் அதிகாரத்தில் கார்பனைப் பற்றி ஒரு தாள் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.