சுவர் தலையில் கடப்பா: நல்ல கல்தான், ஆனால் அந்தக் கறுப்புக் கோடு!

வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார், காம்பவுண்டு சுவர் தலையில் கல் பதிக்கலாமா, சிமென்ட் பூச்சோடு விட்டுவிடலாமா என்று. எங்கள் வீட்டில் சுவருக்குக் கடப்பா, கேட் தூண் இரண்டுக்கும் கிரானைட். சில ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்தாயிற்று.

கல் தன் வேலையைச் செய்கிறது, அதில் குறையில்லை. வெறும் பூச்சோடு விட்ட பக்கத்து மனைச் சுவரில் மேல்விளிம்பு வெடித்து, தண்ணீர் செங்கலுக்குள் இறங்கி, உப்புப் பூத்து பெயின்ட் செதில் செதிலாக உதிர்கிறது. எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பாலிஷ் போட்ட கறுப்பு, வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது; சுண்ணாம்புக்கல் அப்படித்தான், அதற்காக யாரையும் திட்ட மாட்டேன்.

என் கடுப்பெல்லாம் கல்லின் அடிப்பக்கத்தில். 9 அங்குலச் சுவருக்கு 12 அங்குலக் கல், இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது, பார்த்தால் தண்ணீர் சுவரில் படாமல் தள்ளி விழும் என்றுதான் தோன்றும். விழாது. விளிம்புக்கு வந்த தண்ணீர் கல்லடியை ஒட்டிக்கொண்டே உள்ளே ஊர்ந்து, சுவரைத் தொட்டு இறங்குகிறது. மழை விட்டு வெகுநேரம் கழித்து விரலை ஓட்டினாலும் நனைகிறது. அடியில் விளிம்போரமாக நீளவாக்கில் ஒரு காடி, அதாவது சின்னப் பள்ளம், கீறியிருந்தால் தண்ணீர் அங்கேயே அறுந்து சொட்டியிருக்கும். கட்டிங் மெஷின் கையிலேயே இருந்தது, சொல்லியும் பார்த்தேன், "அதெல்லாம் சன்ஷேடுக்குத்தான் சார்" என்றுவிட்டார் மேஸ்திரி. போதாக்குறைக்கு வாட்டத்தையும், அதாவது தண்ணீர் வடிகிற சரிவையும், தெருப்பக்கமாகக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் நேர்கீழே ஒரு கறுப்புக் கோடு, பொங்கலுக்கு பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் திரும்ப வந்துவிடும். ஆசிட் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்று வந்தவரைப் பாதியில் நிறுத்தினேன், கடப்பா மேல் ஆசிட் பட்டால் நுரைத்து, இருக்கிற கொஞ்சநஞ்சப் பாலிஷும் போய்விடும்.

தூண் கிரானைட்டைப் பற்றி ஒரு வசவும் இல்லை. லைட்டுக்காகப் போட்ட ஒயர் துளையை மட்டும் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் அதன் வழியே தூணுக்குள் இறங்கும்.

நியாயமாகப் பார்த்தால் போடுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நேற்றுதான் பெயின்டருக்குக் காசு எண்ணிக் கொடுத்தேன், அதனால் இன்றைக்கு என் பதில், வேண்டாம். காடி கீறிய கல்லைத் திருப்பிக் காட்டிவிட்டுப் பதிக்கிற மேஸ்திரி யாராவது கிடைத்தால் அப்புறம் கேளுங்கள், எனக்கும் அவர் நம்பர் வேண்டும்.