ஒரே எஸ்எஸ்எச், மூன்று கைவேலை: டெபியன், ரெட்ஹாட், ஆர்ச்

தொலைவிலுள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் மூலநிரல் ஒன்றுதான். சர்வரில் ஓடுவது அதுவேதானா என்றால், டிஸ்ட்ரோவை (டெபியன், ரெட்ஹாட், ஆர்ச் போன்ற லினக்ஸ் தொகுப்பை) பார்த்துத்தான் சொல்ல முடியும்.

2024 ஜூலையில் வெளியான சிவிஇ-2024-6387 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) ஓட்டைக்கு ஓப்பன்எஸ்எஸ்எச் மூலத் திட்டம் தந்த விடை 9.8பி1 பதிப்பு. ஆர்ச் நேராக அதற்குத் தாவியது. டெபியன் 12 தன் 9.2பி1-ஐ விடாமல் ஓட்டையை மட்டும் அடைத்து, பேக்கேஜ் எண்ணை '2+டெப்12யு3' என்று ஏற்றியது. ரெட்ஹாட் 9-உம் 8.7பி1-இலேயே நின்று அடைத்தது. பதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர், அடைத்த சர்வரையும் சிவப்பில் காட்டுவது இதனால்தான். டெபியன் தன் பேக்கேஜ் எண்ணை, இணைந்ததும் சர்வர் சொல்லும் அறிமுக வரியான பேனரிலேயே சேர்க்கிறது (அதற்கும் ஒரு பேட்ச், அதாவது மூலநிரலில் ஒட்டும் திருத்தம்!). ரெட்ஹாட் பேனரில் மூலப் பதிப்பெண் மட்டுமே தெரியும். ஓட்டை அடைபட்டது என்று ஆடிட்டரிடம் காட்ட, ஆர்பிஎம் (ரெட்ஹாட்டின் பேக்கேஜ்) சேஞ்ச்லாக்கில் சிவிஇ எண்ணைத் தேட வேண்டும்.

ரெட்ஹாட் 9-இல் அதிகம் பேரைக் குழப்புவது கிரிப்டோ பாலிசி: எந்தக் குறியாக்க முறைகள் செல்லும் என்று கணினி முழுவதற்கும் வகுக்கும் விதி. எஸ்எஸ்எச்சின் முதன்மை கான்ஃபிக் கோப்பில் சைஃபர் (குறியாக்க முறை) பட்டியலை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. அதன் தலைப்பிலேயே இன்க்ளூட் ஆகும் '50-ரெட்ஹாட்' கோப்பு பாலிசியின் பட்டியலை முதலில் ஏற்றிவிடுகிறது. முதலில் வந்த மதிப்புதான் எஸ்எஸ்எச்சில் செல்லும். 50-ஐ விடச் சிறிய எண்ணில் தொடங்கும் கோப்பில் எழுதுங்கள், அல்லது பாலிசியையே மாற்றுங்கள். பிறகு எஸ்எஸ்எச்டியை (சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் நிரல்) 'எஸ்எஸ்எச்டி -டி' (பெரிய டி) என்று ஓட்டி, எது அமலில் உள்ளது என்று பாருங்கள்.

பேட்ச் போடாததால் ஆர்ச் தப்பித்த தருணமும் உண்டு. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒளித்துவைத்த பின்கதவு சிக்கியது. அது எஸ்எஸ்எச்டிக்குள் நுழைய வழி கொடுத்தது, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு 'தயார்' என்று சொல்ல டெபியனும் ஃபெடோராவும் (ரெட்ஹாட் சார்ந்த டிஸ்ட்ரோ) ஒட்டிய பேட்ச்: அதனால் லிப்சிஸ்டம்டி நூலகமும், அதன் வாலாக எக்ஸ்இசட்டின் நூலகமான லிப்எல்இசட்எம்ஏவும் எஸ்எஸ்எச்டிக்குள் ஏறின. டெபியனில் அந்த எக்ஸ்இசட், ஸ்டேபிள் என்னும் நிலையான வெளியீட்டுக்கு வரவில்லை. டெஸ்டிங், அன்ஸ்டேபிள், எக்ஸ்பெரிமெண்டல் என்ற சோதனைக் கிளைகளோடு நின்றது. பின்னர் 9.8-இல் மூலத் திட்டமே லிப்சிஸ்டம்டி இல்லாமல் அதே அறிவிப்பைச் சேர்த்துக்கொண்டது.

ஆர்ச்சுக்கும் விலை உண்டு. அதே 9.8-க்கு அப்டேட் செய்ததும், ஓடிக்கொண்டிருந்த பழைய எஸ்எஸ்எச்டி புது இணைப்புகளை ஏற்கவில்லை; சேவையை ரீஸ்டார்ட் செய்யாமல் லாக்-அவுட் ஆகியிருந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். தொலைவில், ஆளில்லாமல் கிடக்கும் சர்வருக்கு டெபியன் ஸ்டேபிளே என் தேர்வு.