ஆறு பிள்ளைகள், ஒரு மேசை: வீட்டுக் கல்விக்கு எந்தக் கணிதம், எந்த விஞ்ஞானம்?

ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறவர்கள் எது நல்ல புத்தகம் என்று மட்டும் பார்த்தால் போதும். எங்கள் வீட்டில் ஆறு பேர். மூத்தவள் பதினோராம் தரத்து வயது, கடைக்குட்டி இப்போதுதான் எண்ணப் பழகுகிறான். இப்படியான வீட்டில் புத்தகத்தின் தரத்துக்கு முன்னால் வேறு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தப் பாடத்திட்டம் ஒரு நாளில் என்னுடைய நேரத்தில் எவ்வளவைத் தின்னும், அக்கா முடித்த புத்தகம் தம்பிக்கும் உதவுமா, கடைசியில் பிள்ளை எந்தப் பரீட்சைக்கு இருக்கப்போகிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எங்களுக்குக் கிடைக்கக்கூடியவை என்று பார்த்தால், அரச பாடநூல்கள், சிங்கப்பூர் கணிதம், அமெரிக்காவின் சாக்சன் கணிதம், கேம்பிரிட்ஜ், எடெக்செல் என்ற பிரித்தானியப் பரீட்சைகளுக்கான, நாங்கள் பொதுவாக 'லண்டன் ஓ.எல்.' என்று சொல்கிற வழி, அப்புறம் இன்ரநெற்றில் இலவசமாக இருக்கிற கான் அக்கடமி. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசம்தான், ஆனால் அங்கே இயற்பியல், வேதியியல், ஆக்சிஜன் என்று படித்த பிள்ளை இங்கே பரீட்சைத் தாளில் பௌதிகவியல், இரசாயனவியல், ஒட்சிசன் என்று பார்க்கும்போது தடுமாறும். அதை மேலதிக வாசிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். கணிதத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, விஞ்ஞானத்தை ஒன்பதாம் தரம் வரை எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள். ஐந்தாம் தரம் வரை கணிதத்துக்குச் சிங்கப்பூர் முறை, ஆறிலிருந்து அரச பாடநூல். மற்றவை எல்லாம் தேவைக்குத் தொட்டுக்கொள்ள.

சிங்கப்பூரும் சாக்சனும்

இந்த இரண்டும் நேர் எதிர். சிங்கப்பூர் முறையில் ஒரு விஷயத்தை எடுத்தால் அதை வடிவாக விளங்கும் வரை விடமாட்டார்கள்: முதலில் கையால் தொடக்கூடிய பொருள், பிறகு படம், கடைசியில்தான் எண்ணும் குறியீடும். சாக்சனில் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு சின்னத் துண்டுதான் வரும். அதைத் தொடர்ந்து வரும் ஏறக்குறைய முப்பது கணக்குகளில் பெரும்பங்கு பழைய பாடங்களில் இருந்து. ஜோன் சாக்சன் என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி ஓய்வுபெற்று ஆசிரியராகிய பிறகு எழுதத் தொடங்கிய புத்தகங்கள் அவை. மறக்க விடாமல் திருப்பித் திருப்பிச் செய்விப்பதுதான் அவருடைய அடிப்படை.

சிங்கப்பூர் முறையின் உயிர், அளவுகளைப் பெட்டிகளாகக் கீறும் பட்டைப் படத்தில் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். 84 கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களை மூன்று பேர் பங்கிடுகிறார்கள். அக்காவுக்குத் தம்பியைப் போல இரண்டு மடங்கு, அண்ணாவுக்குத் தம்பியை விட 12 கூட. தம்பிக்கு எத்தனை? பெரியவர்கள் உடனே எக்ஸ் போடுவோம். நாலாம் தரத்துப் பிள்ளை தம்பிக்கு ஒரு பெட்டி கீறும், அக்காவுக்கு அதே அளவில் இரண்டு பெட்டி, அண்ணாவுக்கு ஒரு பெட்டியும் பக்கத்தில் 12 என்று எழுதிய ஒரு சின்னத் துண்டும். அந்தத் துண்டை வெட்டி எடுத்தால் மிச்சம் 72, பெட்டிகள் நாலு, ஒரு பெட்டி 18. தம்பிக்கு 18, அண்ணாவுக்கு 30, அக்காவுக்கு 36. இதைக் கீறிப் பழகிய பிள்ளைக்குப் பிறகு அட்சரகணிதம் வரும்போது பயமே இருக்காது, ஏனென்றால் எக்ஸ் என்பது அதற்குத் தெரிந்த அந்தப் பெட்டிதான். எங்கள் இரண்டாவது மகன் சமன்பாட்டைப் பார்த்ததும் கொப்பியின் ஓரத்தில் இன்னமும் பெட்டி கீறித்தான் தொடங்குகிறான். நான் தடுப்பதில்லை.

பெரிய குடும்பத்துக்கு சிங்கப்பூரில் இன்னொரு வசதி, பாடப்புத்தகம் வேறு, பயிற்சிப் புத்தகம் வேறு. பாடப்புத்தகத்தில் எழுத வேண்டியதில்லை, ஆகவே அது ஆறு பேருக்கும் போகும். பயிற்சியைச் சதுரக் கோட்டுக் கொப்பியில் செய்யச் சொன்னால் அந்தப் புத்தகமும் மிஞ்சும். வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கிற செலவு கையைக் கடிக்கும், உண்மைதான், ஆனால் ஆறால் பிரித்துப் பார்த்தால் ஏதோ சமாளிக்கலாம். குறை என்னவென்றால் சின்ன வகுப்புகளில் தாயோ தகப்பனோ பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போக முடியாது. படம் ஏன் அப்படி வருகிறது என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அந்த முறை வேலை செய்யும்.

சாக்சன் அப்படியில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் தானே வாசித்துத் தானே செய்யும். இது பெரிய நிம்மதி என்று முதலில் தோன்றும். ஆனால் முப்பது கணக்கு நாலு பிள்ளைகள் செய்தால் நாளுக்கு 120 விடை திருத்த வேண்டும், திருத்தாமல் விட்டால் அந்த முறையில் பிரயோசனமே இல்லை. அதோடு அங்குலம், அடி, கலன், டொலர், சதம் என்று அமெரிக்க அளவுகள் நிறைய வரும், மீற்றரிலும் லீற்றரிலும் வளர்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அவற்றில் செலவிடும் நேரம் வீண். எல்லாம் விளங்கியும் அடுத்த மாதமே மறந்துவிடுகிற பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன். எங்கள் மூன்றாவது மகள் அப்படி. அவளுக்குப் புத்தகம் வாங்கவில்லை, அந்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம்: அரச பாடநூலில் இன்றைய பயிற்சியில் பாதி, பழைய அலகுகளில் இருந்து மிச்சப் பாதி. பின்னங்கள் இப்போது அவளிடம் நிற்கின்றன.

ஆறாம் தரத்துக்கு மேலே

அரச பாடநூல்களை இங்கே பலர் இலவசம் என்பதாலேயே குறைத்து மதிப்பிடுகிறார்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரங்களுக்கும் தமிழில் இருக்கின்றன. அதை விட முக்கியம், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் இருக்கின்றன. பாடநூல் கரும்பலகைக்கு முன்னால் ஒரு ஆசிரியர் நிற்பார் என்று நினைத்து எழுதப்பட்டது, அதனால் சில இடங்களில் விளக்கம் சுருக்கமாக இருக்கும். அந்த இடைவெளியை வழிகாட்டி நிரப்பும். வீட்டில் படிப்பிக்கிறவர்கள் பாடநூலை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு புத்தகம் சரியில்லை என்கிறார்கள்.

இந்தப் புத்தகங்களில் பெரிய குடும்பத்துக்கென்றே வாய்த்த மாதிரி ஒரு அமைப்பு இருக்கிறது. காரணிகள், சமன்பாடுகள், பரப்பளவு போன்ற தலைப்புகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் உயர்ந்து திரும்பத் திரும்ப வரும். ஏழாம் தரத்துப் பிள்ளையும் பத்தாம் தரத்துப் பிள்ளையும் ஒரே வாரத்தில் பரப்பளவு செய்யலாம். சின்னவன் செவ்வகத்தில் நிற்பான், பெரியவன் ஆரைச்சிறையில் (வட்டத்தில் இரண்டு ஆரைகளுக்கு இடைப்பட்ட துண்டு) நிற்பான். மேசையில் நான் ஒரு விஷயத்தைத்தான் கதைக்கிறேன், இரண்டு பேரும் கேட்கிறார்கள், பெரியவனுக்குப் பழையது ஒருமுறை கிளறப்படுகிறது. அலகுகளின் ஒழுங்கைக் கொஞ்சம் மாற்றினால் இதை ஆண்டில் பல தடவை செய்யலாம். சிங்கப்பூரிலோ சாக்சனிலோ புத்தகத்தின் ஒழுங்கைக் குலைத்தால் முறை குழம்பிவிடும்.

லண்டன் ஓ.எல். பக்கம் போவோம். எடெக்செல் கணிதத்தில் தலா 2 மணித்தியாலத்தில் இரண்டு தாள்கள், இரண்டிலும் கல்குலேற்றர் பாவிக்கலாம். பதினோராம் தர முடிவில் வரும் எங்கள் சாதாரண தரப் பரீட்சையின் (உள்ளூர் ஓ.எல்.) கணிதத்தில் முதலாம் தாள் 2 மணித்தியாலம், இரண்டாம் தாள் 3 மணித்தியாலம், கல்குலேற்றர் இல்லை, மடக்கை அட்டவணைதான். அதை விடப் பெரிய வித்தியாசம் கேத்திரகணிதத்தில். இங்கே தேற்றத்தை நிறுவ வேண்டும், படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுதி. கவராயத்தையும் நேர்விளிம்பையும் வைத்து அமைப்புகள் செய்ய வேண்டும். லண்டன் தாளிலும் காரணம் கேட்பார்கள், ஆனால் இந்த அளவுக்கு நிறுவல் இல்லை. நிறுவல் எழுதிப் பழகிய பிள்ளைக்கு ஒழுங்காக யோசிக்க வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதற்காகவே உள்ளூர்ப் பாடத்திட்டத்தை ஒருபடி மேலே வைப்பேன். பதினோராம் தரத்தில் வட்டி, தவணைமுறைக் கொள்வனவு, பங்குச்சந்தை என்று வருகிறதே, அதுவும் வீட்டுக்கு வேண்டிய கணக்கு. தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுக்கிற ஊரில் குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி பார்க்கத் தெரிய வேண்டும்.

விஞ்ஞானத்தில் லண்டன் வழிக்கு ஒரு பலம் உண்டு: உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் தனித்தனியாக ஆழமாகப் படிக்கலாம். எங்கள் சாதாரண தரத்தில் மூன்றும் ஒரே பாடம். கேம்பிரிட்ஜ் எடுப்பவர்களுக்குச் செய்முறைப் பரீட்சையோ அதற்குப் பதிலான எழுத்துத் தாளோ இருக்கும், வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்த எழுத்துத் தாள்தான் வழி. எடெக்செல்லில் செய்முறைக்கெனத் தனித் தாள் இல்லை, அது எழுத்துத் தாள்களுக்குள்ளேயே கேட்கப்படும். பணம்தான் உறுத்துகிற இடம். ஒவ்வொரு பாடத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணம், ஆறு பிள்ளைகளுக்கும் அதைக் கட்டுவது எங்களைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியம் இல்லை. பிள்ளை வெளிநாட்டில்தான் மேலே படிக்கப்போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால் யோசியுங்கள். இங்கே அரச பல்கலைக்கழகம் என்றால் பிரதான வாசல் உள்ளூர் உயர்தரப் பரீட்சையும் (ஏ.எல்.) அதில் கணிக்கப்படும் இசட் புள்ளியும்தான்.

ஆங்கிலத்தில் படித்தால்தான் விஞ்ஞானம் வரும் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று: மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்து மருத்துவர்களை உருவாக்கினார், பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். எங்கள் பிள்ளைகள் தமிழில் விளங்கிக்கொண்ட பிறகு அதே பாடத்தைக் கான் அக்கடமியில் ஆங்கிலத்தில் பார்க்கிறார்கள். 2008 முதல் இயங்கும் இலாப நோக்கற்ற நிறுவனம் அது, பிழைத்தால் விளக்கி மறுபடி செய்யவிடும், எந்த இடத்தில் பிள்ளை நிற்கிறது என்று பெற்றோரும் பார்க்கலாம். நான் சின்னவனோடு இருக்கும் நேரத்தில் பெரியவளுக்கு இரண்டாவது ஆசிரியர். ஆனால் அதையே முழுப் பாடத்திட்டமாக வைக்காதீர்கள். திரையில் விடையைத் தெரிவு செய்து பழகிய பிள்ளை நிறுவல் எழுதும்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

விஞ்ஞானம் ஏன் எல்லோருக்கும் ஒன்றாக

ஆறு பேருக்கு ஆறு விஞ்ஞானப் பாடம் நடத்த ஒருவராலும் முடியாது, தேவையும் இல்லை. கணிதம் படிக்கட்டு, ஒரு படியைத் தவறவிட்டால் அடுத்தது ஏறாது. விஞ்ஞானத்தில் அப்படியான கட்டாயம் கீழ் வகுப்புகளில் குறைவு. ஒரே பரிசோதனையை ஒவ்வொரு வயதும் தன் ஆழத்தில் பார்க்கலாம்.

புரட்டாசியில் பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கினோம். சில கிழமைகளில் ஒன்றை எடுத்துப் பிளந்தால் உள்ளே வெள்ளையாகப் பூரான் என்கிற பஞ்சுபோன்ற பருப்பு. சின்னவர்கள் அதைத் தின்றுவிட்டு, முளை எத்தனை சென்ரிமீற்றர் என்று அடிமட்டத்தால் அளந்தார்கள். நடுவில் உள்ளவர்கள் படம் கீறிப் பெயர் குறித்தார்கள். முளை முதலில் ஏன் கீழே போகிறது, இலை ஏன் பிறகு வருகிறது என்று ஒரு வாக்குவாதமே நடந்தது. மூத்தவள் கிழங்கு வெட்டுமுகத்தில் அயடீன் ஒரு துளி விட்டு, கருநீலமாக மாறியதைப் பார்த்து மாப்பொருள் என்று எழுதினாள். தையில் கிழங்கு கிண்டும் வரை அளவுகளைக் குறித்துக்கொண்டே இருந்ததால் வரைபுக் கணக்கும் அதிலேயே முடிந்தது.

எங்கள் கிணற்றுத் தண்ணீரும் ஒரு ஆய்வுகூடம். சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருகிற தண்ணீர் என்பதால் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும். அதைச் சுரண்டி வினாகிரி விட்டால் நுரைக்கும். அந்த வாயு தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைப் பால்போல் ஆக்கும். சின்னவனுக்கு அது நுரை, மூத்தவளுக்கு அது சமன்படுத்த வேண்டிய ஒரு இரசாயனச் சமன்பாடு.

இப்படி ஒன்பதாம் தரம் வரை போகலாம். அதற்குப் பிறகு போகக்கூடாது. பத்தும் பதினொன்றும் பரீட்சைக்கான இரண்டு ஆண்டுகள், அலகுகளை ஒழுங்காக முடிக்க வேண்டும். விஞ்ஞான முதலாம் தாளில் 40 பல்தேர்வு வினாக்களுக்கு 1 மணித்தியாலம்தான், கடந்தகால வினாத்தாள்கள் செய்து கை பழகாவிட்டால் தெரிந்த பிள்ளையும் நேரத்தில் அடிபடும். இந்த இரண்டு ஆண்டுக்கு மட்டும் ஒரு நல்ல ரியூசன் வகுப்பில் விஞ்ஞானத்துக்கு விடுவதில் தவறே இல்லை, மூத்தவளை நாங்களும் விட்டிருக்கிறோம். கணிதத்துக்கு விடவில்லை.

ஆகவே லண்டனா உள்ளூரா என்ற முடிவை ஒன்பதாம் தரம் முடிவதற்குள் எடுத்துவிடுங்கள், பத்தின் நடுவில் மாறினால் இரண்டும் அரைகுறையாகும். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், வீட்டில் நடந்த பாடங்களின் பதிவையும் கொப்பிகளையும் தேதி போட்டு வைத்திருங்கள், உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே கதைத்தும் வையுங்கள். உள்ளூர்ப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு வேண்டிய அடையாள அட்டை விண்ணப்பத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதிபர் பார்த்துக்கொள்வார், எங்கள் பிள்ளைகளுக்கு ஜீ.எஸ். (கிராம அலுவலர்) மூலம்தான் போக வேண்டும். அதற்கு நாளெடுக்கும், பிள்ளைக்கு அட்டை எடுக்கும் வயது ஆனதும் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.