மஞ்சக்குப்பத்தில் ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசகர்: இரண்டு வருட அனுபவம்

கடலூர், புதுச்சேரி பக்கம் கடை வைத்திருப்பவர்கள் பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பார்க்க நல்ல ஆள் யார் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று தோன்றியது. எங்களுக்கு இதைப் பார்க்கும் தொழிலாளர் சட்ட ஆலோசகர் மேடம், பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அலுவலகம் கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது.

எங்களுக்குக் கடலூர் லாரன்ஸ் ரோட்டில் பாத்திரக்கடை. அப்பா ஆரம்பித்தது, 2019-லிருந்து நான் பார்க்கிறேன். 2022 ஜூனில் புதுச்சேரியில் ஒரு கிளை போட்டோம். நான் அந்த மேடத்தைத் தேடிப் போனது 2023 நவம்பரில், தீபாவளி முடிந்த வாரம், கையில் ஒரு வக்கீல் நோட்டீஸோடு.

அதற்கு முந்தைய மாதம் சரக்கு எடுத்துப் பார்த்தபோது மூணடி பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி குறைந்தது. மாடி குடோன் சாவி ஒரே ஒருவரிடம்தான் இருக்கும். 2012-லிருந்து எங்களிடம் சேல்ஸ்மேனாக இருப்பவர். நான் காலேஜ் போன காலத்திலிருந்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவரை பில் கவுண்டர் முன்னால், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "சாவியைக் கொடுத்துட்டுப் போங்கண்ணே, நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியைக் கல்லா மேசையில் வைத்துவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் வக்கீல் மூலம் அனுப்பிய நோட்டீஸில் நான்கு விஷயங்கள் கேட்டிருந்தார்கள்: முன்னறிவிப்புக் காலச் சம்பளம், தீபாவளி போனஸ், 11 வருட கிராஜுவிட்டி (பணிக்கொடை), திருட்டுப் பழி சொன்னதற்கு விளக்கம். மேடம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "விசாரணை ஏதாவது நடத்தினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41 பற்றி அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது. முறைகேடு என்று சொல்லி முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்துவதானால், முறைப்படி விசாரணை நடத்தி அதில் சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். என்னிடம் சந்தேகம் மட்டும்தான் இருந்தது.

கிராஜுவிட்டியைக் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினார். மாதச் சம்பளம் 13,000. மாதத்துக்கு 26 வேலை நாள், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500. பதினொரு வருடத்துக்கு 82,500 ரூபாய். "இது நீங்க கொடுக்கிற தானம் இல்லைம்மா, அவரோட காசு" என்றார்.

அப்புறம் சாதாரணமாக, "மொத்தம் எத்தனை பேர் வேலை செய்றாங்க?" என்றார். பதினாலு என்றேன். "புதுச்சேரியில?" எட்டு. ஒரு தாளில் 22 என்று எழுதி வட்டம் போட்டார். அந்த வட்டத்தை என்னால் மறக்க முடியாது.

எங்களுக்குக் கணக்குப் பார்த்தவர், தமிழ்நாட்டுக்கு ஒரு ஜி.எஸ்.டி. எண், புதுச்சேரிக்கு ஒரு எண், அதனால் பி.எஃப்.-க்கும் ஆட்களைத் தனித்தனியாகத்தான் எண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தார். நானும் நம்பினேன். பி.எஃப். சட்டத்தில் கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே நிறுவனம்தான், எந்த ஊரில் இருந்தாலும் சரி. இருபது பேர் ஆன நாளிலிருந்து கட்ட வேண்டும். அதாவது கிளை திறந்த நாளிலிருந்து 17 மாத பாக்கி. இதில் இன்னொன்று: அந்தந்த மாதம் சம்பளத்தில் பிடிக்காத தொழிலாளி பங்கை இப்போது பிடிக்க முடியாது. அவர்களுடைய 12 சதவீதமும் எங்கள் 12 சதவீதமும் எங்கள் தலையில்தான். சராசரி 12,000 சம்பளத்துக்கு ஆளுக்கு மாதம் 2,880. வட்டி சேர்க்காமலே பத்து லட்சத்தைத் தாண்டியது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம் வேறு. நகையை அடகு வைத்துத்தான் கட்டினேன்.

பி.எஃப். அலுவலகத்தில் கண்டுபிடிக்கும் வரை விட்டுவிடலாமா என்று நான் கேட்டேன், மறைக்கவில்லை. மேடம் கோபப்படவில்லை. "உங்க கடையில ஒருத்தர் நாளைக்கு இறந்துட்டா அவர் மனைவிக்கு வர வேண்டிய பென்ஷன் இதுலதான் இருக்கு" என்றார். எங்கள் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யச் சொன்னார். குத்துவிளக்கு காணாமல் போனதாக நினைத்த மாதத்தின் டெலிவரி சலான் புத்தகம், வண்டி வாடகை ரசீது, புதுச்சேரி கிளையின் சரக்குப் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். செப்டம்பரில் ஒரு நாள் வண்டி வாடகை கொடுத்திருக்கிறோம், ஆனால் அன்றைக்குச் சலான் இல்லை. புதுச்சேரிக்குப் போய்ப் பார்த்தேன். இட்லிப் பானை அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், செய்தித்தாள் சுற்றி, சணல் கட்டு பிரிக்காமல் அந்த ஜோடி நின்றுகொண்டிருந்தது. அந்தக் கட்டுக்குள் செருகியிருந்த துண்டுச் சீட்டில் அவர் கையெழுத்திலேயே "பாண்டி ஷோகேஸ்" என்று எழுதியிருந்தது. அனுப்பச் சொன்னதே நான்தான்.

அவருடைய வக்கீலிடம் சொல்லிவிட்டு, முதுநகரில் அவர் வீட்டுக்குப் போனேன். மேடமும் கூட வந்தார், ஆனால் வாய் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி டீ கொடுத்தார், அவர் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லார் முன்னாடியும் சொன்னியே பாப்பா" என்றார். அதனால் மறுநாள் எல்லார் முன்னாலும்தான் திரும்பவும் சொன்னேன், அதே பில் கவுண்டரில் நின்று. போனஸையும் வராத நாட்களின் சம்பளத்தையும் கொடுத்து, சர்வீஸ் முறியாமல் வேலைக்கு எடுத்தோம்.

அதற்குப் பிறகு மாதக் கட்டணத்தில் மேடத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டோம். இரண்டு கிளைக்கும் சேர்த்து மாதம் 4,000 ரூபாய். முதல் தடவை கடைக்கு வந்தவர் பதிவேட்டைக் கேட்கவில்லை, பெண்கள் நிற்கும் பக்கம் போய், "ஸ்டூல் எங்கே?" என்று கேட்டார். கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே ஒன்பது ஸ்டூல் வாங்கினேன். பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு, பத்து பேர் இருந்தாலே கட்டாயம். அதற்கு வெளி உறுப்பினரையும் அவரே தேடிக்கொடுத்தார்.

புதுச்சேரி வேறு உலகம். அங்கே கடைகள் சட்டம் தனி, 1964-ல் வந்தது. நவம்பர் 1 விடுதலை நாள் அங்கே அரசு விடுமுறை, பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம், கடலூரில், சாதாரண நாள். இதற்கெல்லாம் இரண்டு தனித்தனிப் பட்டியல் போட்டு இரண்டு கடையிலும் சுவரில் ஒட்டவைத்தார். 2025 நவம்பர் 21-ல் மத்திய அரசின் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தபோது, எங்களைப் போன்ற ஏழெட்டுக் கடைக்காரர்களை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் தமிழில் விளக்கினார். எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும், வேலையை விட்டுப் போகிறவருக்குச் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளில் முடிக்க வேண்டும் என்பவை எங்களை நேரடியாகத் தொட்டன. நியமனக் கடிதத்தைத் தமிழில்தான் அடித்துக் கொடுத்தார். படிக்காமல் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

குறைகளும் உண்டு. 10-ம் தேதியிலிருந்து 15-ம் தேதி வரை போன் எடுக்க மாட்டார், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் 15 கடைசி நாள் என்பதால். அந்த வாரத்தில் ஒருவர் திடீரென்று வேலையை விட்டால் நமக்குத் திண்டாட்டம்தான். ஒருமுறை ஒரு பெண்ணின் ஆதாரில் இருந்த பெயர் எழுத்துப் பிழையைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆனது. உதவிக்கு இருக்கும் பையன் கோப்பைப் பின்தொடர்வதில்லை, நாம்தான் நினைவுபடுத்த வேண்டும். புதுச்சேரி வேலைகளுக்கு வேறொருவரை அனுப்புகிறார், அவரிடம் இந்தப் பொறுமை இல்லை. மாடிப்படி செங்குத்து, முட்டிவலி உள்ளவர்கள் கீழிருந்து போன் செய்தால் இறங்கி வருவார்.

முதல் சந்திப்புக்கு 500 ரூபாய், 16-ம் தேதிக்குப் பிறகு போங்கள். சம்பள நோட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே, பென்சிலில் எழுதியிருந்தாலும் சரி, அதை எடுத்துப் போங்கள். எத்தனை பேர் என்று கேட்டால் எல்லாக் கிளையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.